ஜனதா காலனியில் சம்பாதித்த சொந்தங்கள்

கோவண்டிக்கு அடுத்த ஸ்டேஷன் மான்குர்ட். அதற்கும் தள்ளி, டிராம்பே பக்கம் இருக்கிறது சீத்தா கேம்ப். நம்மவர்கள் நிறைய பேர் வாழும் இடம். இந்தக் குடியிருப்பின் கதை 1976-ல் தொடங்குகிறது.

அதற்கு முன் இவர்கள் இருந்தது பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டிய ஜனதா காலனியில். 1960-களில் அங்கே வந்து சேர்ந்தவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் 1947-ல் பிறந்த தமிழர், தச்சுவேலை தெரிந்தவர்.  காலனிப் பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டு, படிப்பு என்று ஆரம்பித்தார். குப்பை அள்ள ஆள் வராதபோது, அந்தப் பிள்ளைகளையே சுமக்கச் சொல்லி மாநகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்டினார்!

காலனியைக் காலி செய்யச் சொன்னபோது டெல்லி வரை போய்ப் போராடினார். ஆனாலும் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், காலனி இடிக்கப்பட்டது. மக்களை சீத்தா கேம்ப்புக்கு மாற்றினார்கள். அற்புதம் ஓயவில்லை. நாடு முழுக்கக் குடிசைவாசிகளை ஒன்று சேர்த்தார். 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ. 2018-ல் மறைந்தார்.

ஊரில் 'நீ யார் மகன்?' என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இங்கே மதிப்பில்லை. அடுத்த வீட்டுக்கு நீ என்ன செய்தாய் என்பதுதான் உறவு. நாமோ ஊருக்குத் தவறாமல் பணம் அனுப்புகிறோம், காதுகுத்துக்கு டிக்கெட் எடுக்கிறோம். எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியுமா? ஊர்ச் சொந்தம் பிறப்போடு வந்தது. இங்கே அதைச் சம்பாதிக்கத்தான் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மாமாவும் அத்தையும் வருடத்தில் பத்து நாள் மட்டும் இருந்தால் போதுமா, சொல்லுங்கள்.