நிரந்தர முகவரி

அப்பா, அம்மா இருவருக்கும் அமெரிக்க வருகையாளர் விசா விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். எனக்கு இரவு பத்து மணி, முத்தாண்டிக்குப்பத்தில் காலை. அம்மா காபியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார, அப்பா கைப்பேசியை ஸ்பீக்கரில் போடுவார். டிஎஸ்-160 என்கிற அந்தப் படிவம் முடிய மூன்று காலைகள் ஆயின.

முதல் சிக்கல் பிறந்த ஊர்.

"பாஸ்போர்ட்ல இருக்கறதையே போடு. ஊருதான் இல்ல, பேராவது இருக்கட்டும்" என்றார்.

அவர் பிறந்த ஊர் இன்று சுரங்கம். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் தொடங்கப்பட்டது. 1957 மே 20 அன்று சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. அதற்குள் சுற்றியிருந்த ஊர்கள் காலி செய்யப்பட்டிருந்தன. அப்பா அப்போது அரை டிராயர் பையன். பிறகு அதே சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்தோம். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரித் தோப்பை ஒட்டிக் கட்டியதுதான் அவருடைய முதல் சொந்த வீடு. ஊர் மட்டுமல்ல, அவர் பிறந்த தென்னார்க்காடு மாவட்டமும் 1993-ல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்துவிட்டது. பிறந்த தேதியோ பள்ளியில் சேர்த்த அன்று தலைமை ஆசிரியர் போட்டுக்கொண்ட ஜூன் மாதத் தேதி.

அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் கடைசிப் பெயர் அப்பாவுடையது, அப்பாவின் கடைசிப் பெயர் தாத்தாவுடையது. காகிதத்தில் பார்த்தால் நாங்கள் மூவரும் மூன்று குடும்பம்.

பின்பகுதியில் 'நீங்கள் ஏதேனும் குலத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவரா?' என்று ஒரு கேள்வி வரும். வாசித்துக் காட்டினேன்.

"என்னாடா, அங்கயும் சாதி கேக்கறானா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு சந்தேகம் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சந்தேகத்துக்கு நூறு வயதாகிறது. அமெரிக்காவின் 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், நாட்டுக்குள் வரப் புறப்படும் ஒவ்வொரு அந்நியரும் குடியேறியே என்று வரையறுத்துவிட்டு, சிலருக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. தற்காலிகமாகச் சுற்றிப் பார்க்க வருபவர் அந்த விலக்குகளில் ஒருவர். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 214(பி) பிரிவு இதை வெளிப்படையாகவே சொன்னது: குடியேற வரவில்லை என்று அதிகாரி ஏற்கும்படி நிரூபிக்கும்வரை விண்ணப்பதாரர் குடியேறியாகவே கருதப்படுவார். குற்றவாளிக்குக்கூடக் குற்றம் நிரூபணமாகும்வரை நிரபராதி என்ற சலுகை உண்டு. விருந்தாளிக்குக் கிடையாது. மறுத்தால் மேல்முறையீடும் இல்லை. புதிதாகப் பணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான்.

இந்தப் பக்கமும் கதவு எப்போதும் திறந்திருந்ததில்லை. பாஸ்போர்ட் தருவதும் தராததும் ஒரு காலத்தில் அரசின் விருப்பம். வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் தீர்ப்பளித்த பிறகே, அதே வருஷம் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. போவதற்கான உரிமை அன்று கிடைத்தது. இன்னொரு நாட்டுக்குள் நுழையும் உரிமையை எந்த நீதிமன்றம் தரும்?

இதில் ஒரு முரண் உண்டு. 1965-ஆம் ஆண்டுச் சட்டம், வயதுவந்த அமெரிக்கக் குடிமக்களின் பெற்றோரை எண்ணிக்கை வரம்பிலிருந்து விடுவித்தது. நான் குடியுரிமை வாங்கியவன். நிரந்தரமாக வந்துவிடுகிறோம் என்று இவர்கள் சொன்னால் அதற்கென்று தனி வழி இருக்கிறது. பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம் என்றால்தான் சந்தேகம்.

என் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தேன். அவற்றால் பெரிய பயனில்லை. பிள்ளை தரும் உறுதிமொழியை வைத்து முடிவு செய்வதில்லை, சொந்த ஊரில் விண்ணப்பதாரருக்கு இருக்கும் பிடிப்பே முக்கியம் என்பது வெளியுறவுத் துறையின் விதி. ஆகவே அப்பா ஒரு மஞ்சள் பை நிறையப் பிடிப்பைச் சேர்த்தார்: பட்டா, சிட்டா, வீட்டு வரி ரசீது, பாஸ்புக்.

பிறந்த ஊரை ஏழு வயதில் இழந்தவரிடம், உங்களுக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கேக்கறவனுக்கு நம்ம கதை தெரியுமா? கேட்டா சொல்லுவோம்."

முதல் நாள் கைரேகை. மறுநாள் அண்ணா மேம்பாலத்தருகே துணைத் தூதரகத்தில் நேர்காணல். தமிழில் பேச வழி இருந்தது. மகன் என்ன வேலை, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மஞ்சள் பையை யாரும் திறக்கச் சொல்லவில்லை. ஏன் அவ்வளவு குறைந்த நாள் என்றபோது அம்மா முந்திக்கொண்டு சொன்னாளாம்:

"மாசியில முந்திரிக்கொட்டை விழ ஆரம்பிச்சிடும். பொறுக்க ஆளு வேணாமா?"

பத்து வருஷ விசா கிடைத்தது. விமான நிலையத்தில் ஆறு மாதம் தங்க அனுமதித்தார்கள். மூன்று மாதம் முடிவதற்குள்ளாகவே அம்மா பெட்டியை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன் என்று நான் கெஞ்சியதை எந்த அதிகாரியும் பார்க்கவில்லை.