நிலக்கரி ஊரில் ஒரு கணப்பு

2021 நவம்பர் கடைசியில் ஆர்வென் புயல் வட இங்கிலாந்தை அடித்துப்போட்ட இரவில் எங்கள் வீட்டில் மின்சாரம் போயிற்று. திரும்பி வர நான்கு நாளானது. டர்ஹம் மாவட்டத்தில் பழைய சுரங்க ஊர் ஒன்றில் இருக்கிறோம். அக்கம்பக்கத்துச் சில கிராமங்களில் ஒரு வாரம் தாண்டியும் வரவில்லை என்பதால் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். எரிவாயு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கொதிகலனைப் பற்றவைக்கவும் சுடுநீரைக் குழாய்களில் தள்ளவும் மின்சாரம் வேண்டுமே.

"மாப்பிள, கேஸ் இருக்குங்கிறீங்க. அப்புறம் ஏன் எரியல?" என்று கேட்டார் அத்தை. பேத்தியைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்தவர். குழந்தைக்கு அப்போது ஆறு மாதம். ஆளுக்கொரு மணிநேரம் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாம் நாள் நாலு வீடு தள்ளியிருக்கும் பெரியவர் வந்து கதவைத் தட்டினார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர், எண்பதைத் தாண்டியவர். "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வாங்க" என்றார். அவர் வீட்டுக் கூடத்தில் வார்ப்பிரும்பு அடுப்பொன்று கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. இரண்டு இரவுகள் அதன் முன்னால்தான் படுத்தோம். மின்சாரம் வந்த அன்றே மனைவி சொல்லிவிட்டாள், நாமும் ஒன்று வாங்குகிறோம் என்று.

இந்த நாட்டின் கணப்புக்கு நீண்ட கதை உண்டு. எங்கள் பக்கத்து நிலக்கரி டைன் நதியிலிருந்து கப்பலேறி லண்டன் போனதால் அங்கே அதற்குக் கடற்கரி என்றே பெயர். அதன் புகை தாங்காமல் முதலாம் எட்வர்டு அரசர் 1306-இல் தடை போட்டார். யாரும் கேட்கவில்லை. விறகு அருகி விலை ஏறியபோது கரியை விட்டால் வேறு வழியில்லை. 1662-இல் அரசே கணப்புகளை எண்ணி, ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி போட்டது. ஆட்கள் வீட்டுக்குள் நுழைந்து எண்ணியதால் மக்களுக்கு அந்த வரி மேல் அப்படியொரு வெறுப்பு. 1689-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், திறந்த கணப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குத்தான் போகும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-களிலேயே அமெரிக்காவில் இரும்புக் கணப்பு செய்து பார்த்தார். ஸ்வீடன்காரர்கள் ஓடு பதித்த மூடிய அடுப்புக்கு மாறினார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கோ நெருப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். 1945 டிசம்பரில் ஜார்ஜ் ஆர்வெல்கூடத் திறந்த கணப்புக்காக வாதாடி ஒரு செய்தித்தாளில் கட்டுரை எழுதினார். ஏழே ஆண்டுகளில், 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை, வீட்டுக் கணப்புகளின் புகையும் மின்நிலையங்களின் புகையும் பனிமூட்டத்தோடு சேர்ந்து லண்டனை மூடின. நல்ல கரி ஏற்றுமதிக்குப் போக, தூளும் துண்டுமான மட்டக்கரியை அந்த மாதம்தான் பங்கீட்டிலிருந்து விடுவித்திருந்தார்கள். இறந்தவர்கள் நாலாயிரம் என்று அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் பன்னிரண்டாயிரம் வரை சொல்கின்றன. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் வந்தன.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். மனைவிக்கு நார்வே நாட்டு அடுப்பொன்று பிடித்திருந்தது. பக்கவாட்டில் புடைப்புச் சித்திரம், கறுப்பு எனாமல், எட்டு கிலோவாட். எனக்கும் பிடித்ததுதான். ஆனால் எங்கள் கூடம் நீள, அகல, உயரம் பெருக்கினால் ஐம்பது கன மீட்டர். அதைப் பதினாலால் வகுத்தால் எத்தனை கிலோவாட் வேண்டும் என்று தெரியும் என்பது இத்தொழிலில் ஒரு குத்துமதிப்புக் கணக்கு. நான்குகூட வரவில்லை. எட்டு கிலோவாட்டை வாங்கினால் அறை தாங்காது. காற்றை அடைத்து அமுக்கித்தான் எரிக்க வேண்டும், அப்போது கண்ணாடி கறுக்கும், புகைபோக்கியில் தார் படியும், அது ஒருநாள் தீப்பிடிக்கும். "எதுக்குங்க இவ்ளோ கணக்கு, அழகா இருக்குல்ல?" என்றாள். கடைக்காரரும் அவள் பக்கம்.

விறகும் கரியும் இரண்டும் எரியும் அடுப்பு என்றால் எப்படி என்று அத்தைக்கு வீடியோவில் விளக்க முயன்றேன். விளக்க வேண்டியிருக்கவில்லை. "கரிக்குக் கீழருந்து காத்து வேணும். குமுட்டி அடுப்புல அதுக்குத்தானே கீழ வாய் வச்சிருக்கு" என்றார். அதேதான். கரிக்கு அடியில் சல்லடைக் கம்பியும் கீழ்க்காற்றும், விறகுக்குச் சாம்பல் மெத்தையும் மேல்காற்றும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் விறகின் ஈரமும் கரியின் கந்தகமும் சேர்ந்து அமிலமாகிப் புகைக்குழாயை அரித்துவிடும். பிறகு அவர் கேட்ட கேள்விக்குத்தான் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "புகை வீட்டுக்குள்ள வருமா?"

முப்பது வருடம் விறகடுப்பு ஊதியவர். இரவில் அவர் இருமுவது எனக்குத் தெரியும். மூடிய அடுப்பானாலும் கதவைத் திறந்து விறகு போடும்போது கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும். நுண்துகள் விஷயத்தில் எவ்வளவு நல்ல விறகடுப்பும் எரிவாயுவுக்கு ஈடாகாது. இதைச் சொன்னதும் மனைவி கொஞ்சநேரம் பேசவில்லை. மின்சாரம் போனாலோ கடும் உறைபனி விழுந்தாலோ மட்டும் பற்றவைப்பது என்று கடைசியில் முடிவாயிற்று. வாங்கியது நான்கு கிலோவாட், சித்திரமில்லாத சாதாரணப் பெட்டி. கண்ணாடி மட்டும் பெரியது, அது அவளுக்காக. பதிவுபெற்ற ஆளை வைத்துப் புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய் இறக்கினோம். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். விறகின் ஈரம் இருபது சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று குத்திப் பார்க்க ஒரு சின்ன மீட்டரும் வாங்கினேன்.

முதல்முறை பற்றவைத்த அன்று பெரியவரைக் கூப்பிட்டோம். டர்ஹம் கரிவயலின் கடைசிச் சுரங்கங்கள் 1993-இல் மூடப்பட்டன. வீட்டில் எரிக்கும் சாதாரண நிலக்கரியை 2023 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் விற்கவே கூடாது. நான் வாங்கி வைத்திருந்தது புகையில்லாக் கரி, எலுமிச்சை அளவில் அச்சில் வார்த்த உருண்டைகள். அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். முகர்ந்தார். "பாறையிலிருந்து வந்தது இல்லை இது" என்றுவிட்டு, குனிந்து சல்லடைக் கம்பியை இரண்டு தரம் ஆட்டி, கீழ்க்காற்றைக் கொஞ்சம் குறைத்தார். நான் அதிகமாகத் திறந்து வைத்திருந்தேன்.