பெயரும் பொறியும்

சென்ற ஆண்டு தை மாதத்தில் நம் இல்லத்திற்குப் புத்தக அலமாரி செய்யத் தச்சர் ஒருவர் வந்திருந்தார். முப்பது ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவர். வேலை பாதியில் இருக்கையில் அவருடைய பழைய டிரில்லிங் மெஷின் நின்றுபோயிற்று. "ஆர்மேச்சர் போயிடுச்சு சார், இனிமே இதைத் தூக்கிச் சுமக்க முடியாது" என்று சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கப் புறப்பட்டவர், பெட்டியின்மேல் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல நம்மையும் உடன் அழைத்தார்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் 'ஹைக்கோகி' என்றிருந்தது. "இது பழைய ஹிட்டாச்சிதாங்க. பேரை மட்டும் மாத்திட்டாங்க" என்றார். தச்சர் சிரித்தார். "எல்லா டூப்ளிகேட்டும் இப்படித்தான் சொல்லிக்கிட்டு வருது" என்று அதை ஒதுக்கிவிட்டு, தம் தந்தையார் காலத்திலிருந்து கேட்டுப் பழகிய பெயருள்ள மற்றொன்றை எடுத்தார். நான்காயிரத்துச் சொச்சம் ரூபாய். ஐந்தே மாதங்களில் அதன் வைண்டிங் கருகிவிட்டது. அப்பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கருவி பழுதானதைக் கொண்டு ஒரு நிறுவனத்தை எடைபோடுவது முறையன்று. ஆனால் கருகிய மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி நம்மை விடவில்லை. "இந்தப் பேரை நம்பித்தானே சார் வாங்கினேன்?"

முதலில் கடைக்காரருக்கு நியாயம் செய்துவிடுவோம். அவர் சொன்னது முழு உண்மை. 1948ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த ஹிட்டாச்சி கோகி என்னும் நிறுவனத்தை, ஹிட்டாச்சிக் குழுமம் 2017இல் கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திற்கு விற்றுவிட்டது. தொழிற்சாலையும் பொறியாளர்களும் கைமாறினரே ஒழிய, 'ஹிட்டாச்சி' என்ற பெயர் குழுமத்திடமே தங்கிவிட்டது. ஆகவே 2018இல் 'ஹைக்கோகி' என்னும் புதுப்பெயர் பிறந்தது. வட அமெரிக்காவில் இதே கருவிகள் 'மெட்டபோ எச்பிடி' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. மெட்டபோ என்பது 1924இல் தொடங்கிய ஜெர்மானிய நிறுவனம். 2016இல் ஹிட்டாச்சி கோகி அதை வாங்கியிருந்தது. ஜப்பானியப் பொறிக்கு அமெரிக்கச் சந்தையில் ஜெர்மானியப் பெயர்! நம் தச்சர் போலி என்று ஒதுக்கியது அவர் நம்பிப் பயன்படுத்திய பழைய கருவிகளின் நேர் வாரிசை.

பெயர்கள் இடுகுறி, காரணம் என இருவகைப்படும் என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் நாம் நன்னூல் நடத்துகிறோம். கருவிகளின் பெயர்கள் தோன்றும்போது பெரும்பாலும் காரணப்பெயர்களே. செய்தவன் பெயரோ செய்த ஊரின் பெயரோ அதில் இருக்கும். 'கம்பரைப் படித்தேன்' என்பது போல 'பிளாக் அண்ட் டெக்கர் வாங்கினேன்' என்பதும் ஒரு காலத்தில் நேரான கருத்தாவாகுபெயராகவே இருந்தது. அப்பெயர்கள் எப்போது இடுகுறியாயின என்பதே தச்சரின் கேள்விக்குள் இருக்கும் வரலாறு. அதற்கான சான்றுகள் அமெரிக்காவில்தான் மிகுதி. இக்கருவிகளின் பெயர்கள் விலைபேசப்பட்ட பெருஞ்சந்தை அதுவே.

டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் என்ற இருவர் ஆளுக்கு 600 டாலர் போட்டு 1910இல் பால்ட்டிமோர் நகரில் ஒரு சிறு பட்டறை தொடங்கினர். தம் பங்குக்காக பிளாக் தம் காரை விற்றார். டெக்கர் வீட்டை அடகு வைத்தார். துப்பாக்கி போன்ற கைப்பிடியும், விரலால் அழுத்தும் விசையும் கொண்ட மின் துளைக்கருவிக்கு 1917இல் காப்புரிமை பெற்றனர். இன்று உலகில் எந்த டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தாலும் நம் ஆள்காட்டி விரல் சென்று அமர்வது அவ்விருவர் காட்டிய இடத்தில்தான். 1946இல் வீட்டுப் பயன்பாட்டிற்கென மலிவான துளைக்கருவியை விற்கத் தொடங்கினர். 1961இல் மின்கம்பி இல்லாத துளைக்கருவியைக் கொணர்ந்தனர். நிலவுக்குச் சென்ற அப்பல்லோ பயணங்களுக்கும் துளைக்கருவி செய்து கொடுத்தது இந்நிறுவனமே.

இத்தனை பெருமை பெற்ற பெயருக்கு வந்த கேடு எதிரியால் வரவில்லை. 1984இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வீட்டுச்சாதனப் பிரிவை 30 கோடி டாலருக்கு வாங்கி, இஸ்திரிப் பெட்டி, ரொட்டி வாட்டும் கருவி ஆகியவற்றின்மேல் எல்லாம் 'பிளாக் அண்ட் டெக்கர்' என்று பொறித்தனர். வீட்டில் மனைவியின் சமையல் மேடையில் இருக்கும் பெயர், கட்டட வேலையிடத்தில் தன் கையிலும் இருப்பதைத் தொழிலாளி விரும்பவில்லை. உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்தனர். 1990 வாக்கில் தொழில்முறைக் கைவினைஞர்கள் வாங்கிய மின்கருவிகளில் ஏறத்தாழப் பாதி, ஜப்பானின் மக்கீட்டா நிறுவனத்தினுடையவை. பிளாக் அண்ட் டெக்கருக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், தொழிலாளர்களுக்கென அந்நிறுவனம் செய்த கருவிகள் தரத்தில் தாழ்ந்தவையல்ல என்பது சோதனைகளில் தெரிந்திருந்தது. பொறி நன்றாகவே இருந்தது. பெயர்தான் பழுதாகியிருந்தது.

அப்போது அவர்கள் செய்த காரியத்தை எத்தனை முறை எண்ணினாலும் நமக்கு வியப்பு அடங்குவதில்லை. ரேமண்ட் டிவால்ட் என்பவர் 1920களின் தொடக்கத்தில் மரம் அறுக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து, 1924இல் பென்சில்வேனியாவில் நிறுவனம் தொடங்கினார். கைமாறிக் கைமாறி 1960இல் அது பிளாக் அண்ட் டெக்கரிடம் வந்து சேர்ந்திருந்தது. முதிய தச்சர்களுக்கு மட்டும் மரியாதையுடன் நினைவில் இருந்த அந்தப் பெயரைத் தூசு தட்டி எடுத்தனர். சாம்பல் வண்ணத்தைக் கைவிட்டு மஞ்சள் வண்ணத்தைப் பூசினர். தங்கள் பெயரை மறைத்து, 1992இல் 'டிவால்ட்' என்று சந்தைக்கு அனுப்பினர். சில ஆண்டுகளுக்குள் மக்கீட்டாவை முந்தினர். ரேமண்ட் டிவால்ட் புகழ்பெற்றது அறுவை இயந்திரத்தால். மஞ்சள் நிறக் கைத்துளைக்கருவிக்கும் அவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் இரவல் பெயர் தாங்கிய அக்கருவிகள் நல்ல கருவிகளாகவே இருந்தன. அதனால் நம்பிக்கையும் நிலைத்தது. இன்றைய தொழிலாளி டிவால்ட்டை நம்புவது மூதாதையர் நினைவால் அன்று, தன் கை கண்ட அனுபவத்தால்.

பழம்பெயர் என்றால் ஏமாற்று, புதிய உரிமையாளர் என்றால் தரவீழ்ச்சி என்று எளிதாகத் தீர்ப்பு எழுத முடியாமைக்கு மில்வாக்கியும் சான்று. 1924இல் அதே பெயர் கொண்ட நகரில் தொடங்கிய இந்நிறுவனத்தை, ஹாங்காங்கைச் சேர்ந்த டெக்ட்ரானிக் நிறுவனம் 2005இல் வாங்கியது. இனி அப்பெயர் அழிந்தது என்று வருந்தியவர்கள் பலர். ஆனால் புதிய உரிமையாளர்கள் லித்தியம் மின்கலக் கருவிகளில் பெரும்பொருள் இட்டனர். வடிவமைப்புப் பணியை அமெரிக்காவிலேயே தொடர்ந்தனர். மின்கம்பியில்லாக் கருவிகளில் இன்று முன்வரிசையில் வைத்து எண்ணப்படும் பெயர் அது.

ஏஇஜி என்ற மூன்றெழுத்தின் கதை வேறு. பெர்லினில் 1880களில் தோன்றிய மாபெரும் மின்பொறி நிறுவனம். பீட்டர் பெஹ்ரென்ஸ் என்ற கலைஞரை 1907இல் அமர்த்தி, கட்டடம் முதல் விளம்பரத்தாள் வரை ஒரே அழகியலில் அமைத்துக்கொண்ட முன்னோடி. 1996இல் அந்நிறுவனமே இல்லாமற் போயிற்று. பெயர் மட்டும் சாகவில்லை. சலவை இயந்திரத்தில் ஒருவர் கையாலும், துளைக்கருவியில் வேறொருவர் கையாலும் அது வாழ்கிறது. உடலற்ற உயிர் பல உடல்களில் ஏறித் திரிவதைப் புராணங்களில் மட்டுமே நாம் கண்டிருக்கிறோம்.

சியர்ஸ் கடையின் 'கிராஃப்ட்ஸ்மேன்' இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. இப்பெயரை 1927இல் சியர்ஸ் பெற்றது. அதற்குக் கொடுத்த விலை 500 டாலர் என்பர். சியர்ஸ் ஒரு கடையே அன்றித் தொழிற்சாலை அன்று. அதன் கருவிகளை எப்போதும் பிறரே செய்து கொடுத்தனர். அப்படியானால் பெயரில் என்ன இருந்தது? பொறுப்பு இருந்தது. கிராஃப்ட்ஸ்மேன் ஸ்பேனர் உடைந்தால், ரசீதும் கேட்காமல் புதியதைக் கொடுத்துவிடுவார்கள். தந்தை வாங்கியதை மகன் கொண்டுபோனாலும் மறுப்பில்லை. இந்த ஆயுட்கால வாக்கு கைக்கருவிகளுக்கு மட்டுமே. மோட்டார் உள்ள கருவிகளுக்கு இல்லை. ஆயினும் ஸ்பேனர் சம்பாதித்த நற்பெயரை மின்கருவிகளும் பங்கிட்டுக்கொண்டன.

கல்வெட்டுப் படிக்கும் நண்பர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று. கிராஃப்ட்ஸ்மேன் கருவிகளின் மாதிரி எண்ணில், புள்ளிக்கு முன்னால் நிற்கும் மூன்று இலக்கங்கள் உண்மையில் செய்தவர் யார் என்பதைச் சொல்லும். 113 என்றிருந்தால் எமர்சன் நிறுவனம். 315 என்றிருந்தால் ரியோபி. 101 என்றிருந்தால் அட்லஸ். பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, தகட்டில் உள்ள இச்சிற்றெண்ணைத் தேடிப் பார்த்தே அமெரிக்கர்கள் பழைய கருவிகளை வாங்குகின்றனர். மெய்க்கீர்த்தியை விட்டுவிட்டுக் கல்வெட்டின் இறுதியிலுள்ள கையெழுத்துகளைத் தேடும் நம் பழக்கம்தான்!

500 டாலர் பெயர், 2017இல் ஏறத்தாழ 90 கோடி டாலருக்கு விலைபோயிற்று. வாங்கியது ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர். 2010இல் ஸ்டான்லியும் பிளாக் அண்ட் டெக்கரும் இணைந்து உருவான நிறுவனம். விற்ற பின்னும் அப்பெயரில் தன் கடைகளில் கருவி விற்கும் உரிமையைச் சியர்ஸ் வைத்துக்கொண்டது. 2018இல் சியர்ஸ் திவாலானது. மறு ஆண்டே, கிராஃப்ட்ஸ்மேனின் உண்மையான இல்லம் யாருடையது என்று இரு தரப்பும் வழக்காடின. டெக்சஸில் கிராஃப்ட்ஸ்மேன் கருவிகளுக்கென அறிவிக்கப்பட்ட புதிய ஆலையையும் மூடப்போவதாக 2023இல் செய்தி வந்தது.

இன்றைய நிலையை நோக்கினால், டிவால்ட், கிராஃப்ட்ஸ்மேன், பிளாக் அண்ட் டெக்கர், போர்ட்டர் கேபிள் ஆகியவை ஒரே வீட்டுப் பிள்ளைகள். மில்வாக்கி, ரியோபி, ஏஇஜி ஆகிய பெயர்களில் வரும் மின்கருவிகள் மற்றொரு வீட்டிலிருந்து வருகின்றன. ஒரே வீட்டுக்குள்ளேயே இது தொழிலாளிக்கு, இது வார விடுமுறையில் சுவரில் ஆணி அடிப்பவருக்கு என்று படி பிரித்திருக்கிறார்கள். பெயர் இப்போது சொல்வது செய்தவர் யார் என்பதை அன்று, யாருக்காக, எந்த விலையில் என்பதை. அதை அறியாமல், படியில் கீழே உள்ள கருவியை வாங்கி நாள் முழுவதும் கான்கிரீட்டில் ஓட்டினால் அது கருகத்தான் செய்யும். நம் தச்சருக்கு நேர்ந்ததும் அதுவாக இருக்கக்கூடும். அப்படியே இருந்தாலும் குற்றம் அவருடையது அன்று என்றே நாம் கருதுகிறோம். தந்தை காலத்துப் பெயரைப் பெரிய எழுத்திலும், இடைவிட்டுப் பயன்படுத்துக என்பதை எறும்பெழுத்திலும் அச்சிட்டவர்களுக்கு, எந்த எழுத்தை மக்கள் படிப்பார்கள் என்பது நன்றாகவே தெரியும்.

இவற்றையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் தேநீரோடு அவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "அப்ப எதைப் பார்த்துதான் சார் வாங்குறது?" என்றார். கார்பன் பிரஷும் ஆர்மேச்சரும் நம் ஊரில் தனியாகக் கிடைக்கின்றனவா, வாரண்டி தருவது யார், அவர் முகவரி எங்கே, சர்வீஸ் எந்த ஊரில் என்று நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம்.

அடுத்த முறை கடைக்குப் போனபோது பெட்டியின் முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டி, "இதைப் படிங்க சார்" என்றார். நம் மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. கடைக்காரரின் மகன் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினான்.