உலைக்குத் திரும்பிய இரும்பு: தென்சென்னைப் புறநகரும் வெட்டுக்கருவிகளின் வரலாறும்

பிரான்சின் தியேர் நகரில் 19ஆம் நூற்றாண்டில் அடிக்கப்பட்ட சமையற்கத்திகள் இன்று பழம்பொருளாகத் தேடி வாங்கப்படுகின்றன. அதே நூற்றாண்டில் தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர் வட்டாரத்து அடுக்களைகளில் புழங்கிய அரிவாள்மணைகளோ அரிதாகவே காணக் கிடைக்கின்றன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் இரும்பின் தரம் என்று கொள்வதைவிட, தேய்ந்த இரும்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதே பொருந்தும்.

இவ்வட்டாரத்தின் வெட்டுக்கருவி வரலாறு மிகத் தொன்மையானது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழங்கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்தார். இரும்புக்காலத்தைப் பொறுத்தவரை, பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரே ஆராய்ந்த சுடுமண் ஈமப்பேழைகளும், மதுராந்தகத்தை அடுத்த சானூரில் 1950, 1952ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வும் குறிப்பிடத்தக்கவை. சானூரில் கிடைத்த இரும்புப் பொருள்கள் ஈமக்குழிகளைச் சேர்ந்தவை. இறந்தாருடன் புதைத்த இரும்பு மண்ணில் தங்கியது. இருப்போர் கையாண்ட இரும்பு தேயத் தேயக் கொல்லனின் உலைக்குத் திரும்பி வேறொரு கருவியாயிற்று என்று கருத இடமுண்டு.

அவ்வுலைகளின் பின்னணியில் தமிழகத்தின் எஃகுத் தொழில் இருந்தது. கொடுமணலிலும், பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவலூரிலும் மூசை எஃகு, அதாவது களிமண் குப்பியில் இரும்பை அடைத்து உருக்கும் எஃகு, செய்யப்பட்டதற்குச் சான்றுகள் உள்ளன. சேலம் பகுதியில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத், 1839இல் வெளியான தம் கட்டுரையில் இம்முறையை விவரித்துள்ளார்: தேனிரும்புத் துண்டுகளுடன் உலர்ந்த ஆவாரங்குச்சியை இட்டு, எருக்கு போன்றவற்றின் இலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் அடுக்கி, சுமார் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினர். குச்சியும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பில் கலந்ததாலேயே கூர் நிற்கும் எஃகு கிடைத்தது.

‘ஊட்ஸ்’ என்ற பெயரில் இவ்வகை இந்திய எஃகு ஐரோப்பாவை எட்டியபின், ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் அரசவைக் கழகத்தில் அதுபற்றிய ஆய்வை அளித்தார். கத்தித் தொழிலாளரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளைச் சோதித்தார். பாரிஸ் நாணயச் சாலையின் ழான் ரொபேர் பிரேயான் 1820களின் தொடக்கத்தில், இவ்வெஃகின் தன்மைக்குக் கரிச்சத்தே காரணம் என்னும் முடிவுக்கு வந்தார். பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை தொடங்கிய ஹீத்தும், பின்னர் இங்கிலாந்தில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்று, ஷெஃபீல்டு எஃகின் விலை குறைய வழிசெய்தார். ஆயினும் அவர் கண்டது ஆதாயத்தைவிட வழக்கையே. அவருக்கு அறிவு தந்த சேலத்து உலைகளோ நாளடைவில் அவிந்தன.

தியேரில் நிலைமை வேறு. துரோல் ஆற்றின் விசையில் சாணைக்கல் சுழல, அதன்மேல் பலகையில் குப்புறப் படுத்துத் தொழிலாளர் கத்தியைத் தீட்டினர். குளிருக்கு அணைவாக நாய்களைத் தம் கால்மேல் படுக்க வைத்ததும் உண்டு. அடிப்பவர், தீட்டுபவர், பிடி பொருத்துபவர் எனத் தொழில் பிரிந்திருந்தும், அலகில் பொறித்த பட்டறை முத்திரையைப் பதிந்து காக்கும் வழக்கம் இருந்தது. பெயருள்ள பொருளை எளிதில் உருக்குவதில்லை.

அரிவாள்மணையில் அத்தகைய முத்திரை வழக்கமில்லை. காலால் பலகையை அழுத்தி, அசையாத அலகின்மேல் காயை இரு கையாலும் தள்ளி நறுக்குவதால் அலகு நிமிர்ந்து நிற்கிறது. நுனியில் தேங்காய்த் துருவியும் அமைகிறது. வயதான கொல்லர்கள் விரும்பும் லாரி ஸ்பிரிங் பட்டையும் கரிச்சத்து மிகுந்த எஃகே. அது புளியும் எலுமிச்சையும் பட்டால் கறுக்கும், துடைக்காவிடில் துருவேறும், சாணை பிடித்தால் மீண்டும் கூராகும். துருவேறா எஃகும் நின்றபடி சமைக்கும் மேடையும் வந்தபின், தாம்பரம் வீடுகளில் அரிவாள்மணை பரணேறி, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகிறது. அவ்வாறு போகுமுன் அலகுகளின் உலோகத்தைச் சோதித்தால், மூசை எஃகின் மிச்சம் எந்தத் தலைமுறை வரை அடுக்களையில் இருந்தது என்பது தெரியவரக்கூடும்.