நீச்சல் கழகமும் பொதுக்குளமும்: தண்ணீரில் சமத்துவம் குறித்த ஒரு சட்ட வரலாறு

1951ஆம் ஆண்டு புது தில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், நூறு மீட்டர் நீச்சலில் சச்சின் நாக் தங்கம் வென்றார். வாட்டர் போலோ என்னும் நீர்ப்பந்தாட்டத்திலும் அதே போட்டிகளில் இந்தியா தங்கம் வென்றது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் சிலி நாட்டை 7–4 என வீழ்த்திய வாட்டர் போலோ அணியிலும் சச்சின் நாக் ஆடியிருந்தார். அவருக்குப் பின் 2023 வரை ஆசிய விளையாட்டு நீச்சலில் இந்தியாவுக்கு இன்னொரு தங்கம் கிடைக்கவில்லை.

இவ்வளவு பெரிய நாடு நீச்சலில் ஏன் பின்தங்கியது என்பதற்குப் பயிற்சி, நிதி, உணவு எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்நாட்டில் தண்ணீரில் இறங்க யாருக்கு அனுமதி இருந்தது? நீச்சல் கழகங்களின் வரலாற்றை அக்கேள்வியின் வழியாக இக்கட்டுரையில் காண்போம்.

கழகம் தோன்றிய இடம்

வாட்டர் போலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் உருவான விளையாட்டு. அணிக்கு எழுவர், ஆழமான நீர், ஒரே பந்து. காலூன்ற இடமின்றி, எதிரணியினரோடு உடலுரசி ஆடப்படுவது. 1900ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ளது. ஆங்கிலேயரோடு இந்தியாவுக்கு வந்தபோது அது பூட்டிய கதவுகளுக்குள் வந்தது. 1887இல் தொடங்கப்பட்ட கல்கத்தா நீச்சல் கழகம் 1960கள் வரை வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பம்பாயின் பிரீச் கேண்டி நீச்சல் அறக்கட்டளையும் நாடு விடுதலை பெற்ற பின்னரும் பல ஆண்டுகள் ஐரோப்பியருக்கு மட்டும் எனக் கதவடைத்து வைத்திருந்தது.

இந்திய வீரர்கள் பொதுத் தண்ணீரிலிருந்து வந்தார்கள். கல்கத்தாவின் கல்லூரிச் சதுக்கக் குளம், ஹெதுவா குளம், ஹூக்ளி ஆற்றின் படித்துறைகள் ஆகியவற்றைச் சுற்றியே இந்தியரின் நீச்சல் கழகங்கள் வளர்ந்தன. சச்சின் நாக் ஹட்கோலா கழகத்தில் உருவானவர். 1959இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்ணான ஆரதி சாகா குழந்தைப் பருவத்தில் ஆற்றுப் படித்துறையில் நீந்தக் கற்று, பின்னர் அதே ஹட்கோலா கழகத்தில் சேர்ந்தார். நகரின் பொதுக்குளமும் படித்துறையும் இல்லையெனில் இந்த வீரர்கள் இல்லை. ஒரு சமூகத்தைப் பொதுக்குளத்திலிருந்து விலக்கினால், அச்சமூகத்தின் பிள்ளைகள் நீச்சலிலிருந்தும் விலக்கப்படுவார்கள் என்பதே இதன் மறுபக்கம்.

விளையாட்டுக்குள் சாதி

வெள்ளையரின் கழகம் இந்தியரை விலக்கியது நிறவெறி என்று வரலாற்று நூல்கள் தயங்காமல் எழுதுகின்றன. இந்தியரின் கழகங்களுக்குள் நிகழ்ந்த விலக்கல் அவ்வளவு வெளிப்படையாக எழுதப்படுவதில்லை. கிரிக்கெட் இதற்குத் தெளிவான சான்று தருகிறது. சாமர் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர். புனேயில் அவர் வீசிய பந்தை மற்ற வீரர்கள் கையில் எடுத்தார்கள். தேநீர் இடைவேளையிலோ அவருக்கு மட்டும் வெளியே, தனி மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. இந்துக்கள் அணியின் தலைமை அவருக்கு இறுதிவரை மறுக்கப்பட்டது. 1923இல்தான் அவருடைய தம்பி விட்டல் அப்பொறுப்புக்கு வந்தார்.

பந்தின் வழியே பரவாத தீட்டு, குவளையின் வழியே பரவும் என்பதே சாதியின் கணக்கு. தீண்டாமையின் விதிகளில் தண்ணீருக்குத் தனியிடம் உண்டு. தீட்டைக் கடத்தும் பொருளாகவே அது கருதப்பட்டது. ஒரே நீரில் பதினான்கு உடல்கள் மூழ்கி, ஒன்றையொன்று பற்றி ஆடும் விளையாட்டு இந்தக் கணக்கை அடியோடு மறுப்பதாகும். கிரிக்கெட் திடலைவிட நீச்சல்குளம் சாதிக்கு அதிக அச்சம் தருவது இதனால்தான்.

சவ்தார் குளமும் பத்தாண்டு வழக்கும்

பொதுக்குளம் யாருடையது என்ற கேள்விக்கு இந்தியச் சட்ட வரலாற்றில் முதன்மையான களம் மகாடு. 1923இல் பம்பாய் சட்டமன்றம், பொது நிதியில் அமைந்த நீர்நிலைகளைத் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் எனத் தீர்மானித்தது. மறு ஆண்டே மகாடு நகராட்சியும் சவ்தார் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானம் இயற்றியது. அதே 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றில் அனைவருக்கும் உள்ள உரிமையை உறுதிசெய்தது. தீர்மானங்கள் தாளில் இருந்தன. குளத்தில் யாரும் இறங்க முடியவில்லை.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவ்தார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். கூடியிருந்தோர் தாக்கப்பட்டனர். குளம் தீட்டுப்பட்டதாகக் கூறி, 108 குடங்களில் பஞ்சகவ்வியம் ஊற்றிச் சடங்கு செய்தார்கள். அடுத்து, அக்குளம் சாதி இந்துக்களுக்கு மட்டுமே உரியது என்று உரிமையியல் வழக்குத் தொடுத்தார்கள். பத்தாண்டுகளுக்குப் பின், 1937 மார்ச்சில், பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

சட்ட மாணவர்கள் இத்தீர்ப்பின் அடிப்படையைக் கவனமாகப் படிக்க வேண்டும். தீண்டாமை தவறு என்று நீதிமன்றம் கூறவில்லை. விலக்கும் வழக்காறு தொன்றுதொட்டு நிலவியது என்பதை வாதிகள் மெய்ப்பிக்கவில்லை என்றே கூறியது. வழக்காற்றை மெய்ப்பித்திருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம். அந்த வாசலை அடைத்தது அரசமைப்புச் சட்டம்.

அரசமைப்புச் சட்டம் தரும் சொற்கள்

உறுப்பு 15(2), முழுமையாகவோ பகுதியாகவோ அரசு நிதியில் பராமரிக்கப்படும், அல்லது பொதுமக்களின் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியை முன்னிட்டு எவ்விதத் தடையோ நிபந்தனையோ கூடாது என்கிறது. உறுப்பு 17 தீண்டாமையை ஒழிக்கிறது. இவ்விரண்டும் அரசுக்கு எதிராக மட்டுமன்றித் தனியாருக்கு எதிராகவும் செல்லும்.

இவற்றுக்கு வலுச்சேர்ப்பவை இரண்டு சட்டங்கள். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, ஆறு, ஓடை, கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றில் தீண்டாமையின் பேரால் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே நிகழ்ந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என 12ஆவது பிரிவு கூறுகிறது. மறுத்து மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 3(1)(இசட்ஏ) பிரிவு, பொதுச் சொத்துவளங்களையும் நீர்நிலைகளையும் பிறரோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்போருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க வகைசெய்கிறது.

இச்சட்டங்கள் இன்றும் தேவைப்படுகின்றன. 2018 ஜூன் மாதத்தில் மகாராட்டிரத்தின் ஜல்காவ் மாவட்டம் வாக்கடி கிராமத்தில், கிணற்றில் நீந்தியதற்காகத் தலித் சிறுவர்கள் இருவர் ஆடை களையப்பட்டு அடிக்கப்பட்டனர். கோடை வெயிலில் நீந்த விரும்பியதே அவர்கள் செய்த ‘குற்றம்’.

‘தனியார் கழகம்’ என்னும் வாதம்

நீச்சல் கழகங்கள் கையில் எடுக்கும் தற்காப்பு வேறு வகையானது. ‘நாங்கள் பதிவுபெற்ற சங்கம், உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது எங்கள் உரிமை’ என்பார்கள். உறுப்பு 19(1)(இ) தரும் சங்கம் அமைக்கும் உரிமை இதற்குத் துணைநிற்கிறது. 2005இல் சொராஸ்டிரிய கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினர் தகுதியைப் பார்சிகளுக்கு மட்டும் என வரையறுத்த துணைவிதியை உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இதே வாதத்தை அமெரிக்க நீதிமன்றம் ஒரு நீச்சல் கழக வழக்கிலேயே சந்தித்தது. மேரிலாந்து மாநிலத்தின் வீட்டன்–ஹேவன் கழகம், தன் குளத்தைச் சுற்றி முக்கால் மைல் தொலைவுக்குள் வாழ்வோருக்கு உறுப்பினர் உரிமையில் முன்னுரிமை தந்தது. கறுப்பினத்தவரை மட்டும் ஏற்கவில்லை. இனத்தைத் தவிர வேறு எந்தத் தேர்வு அளவுகோலும் இல்லாத அமைப்பைத் தனியார் கழகம் என்று அழைக்க முடியாது என 1973இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் ஈராண்டுகளுக்கு முன், கறுப்பினத்தவரோடு சேர்ந்து நீந்துவதைவிட நகராட்சிக் குளங்களையே மூடிவிடுவது என முடிவெடுத்த ஜாக்சன் நகரின் செயலைச் செல்லும் என்றது. 108 குடம் ஊற்றிய மனநிலையும் குளத்தை மூடிய மனநிலையும் ஒன்றே.

இந்தியக் கழகங்களின் ‘தனியார்’ வாதத்தை உடைக்கும் வழி 15(2)இன் சொற்களிலேயே உள்ளது: ‘பகுதியாகவோ’. கழகம் நீந்தும் குளம் உள்ளாட்சியுடையதா? நிலம் குத்தகைக்குப் பெற்றதா? சட்டமன்ற உறுப்பினர் நிதியில் சுவர் கட்டப்பட்டதா? ஒன்றுக்கேனும் ஆம் என்பது விடையானால், அவ்விடத்துக்கு 15(2) பொருந்தும் என வாதிட வலுவான அடிப்படை கிடைக்கிறது.

ஒரு வரம்பையும் மறைக்காமல் கூற வேண்டும். இன்றைய விலக்கல் பெரும்பாலும் அறிவிப்புப் பலகையில் எழுதப்படுவதில்லை. உயர்ந்த நுழைவுக் கட்டணம், இரண்டு உறுப்பினர்களின் பரிந்துரைக் கையொப்பம், ‘குடும்பப் பின்னணி’ பற்றிய விசாரணை ஆகியவற்றின் வழியாகவே அது நிகழ்கிறது. சாதியை மட்டுமே முன்னிட்ட தடையைத்தான் 15(2) நேரடியாகத் தொடும், கட்டணத்தைத் தொடாது. எனவே வழக்குமன்றத்துக்கு முன்பே, குத்தகை நிபந்தனைகள் எழுதப்படும் உள்ளாட்சி மன்றத்தில் நம் பணி தொடங்க வேண்டும்.

நொய்யல் கரையில்

திருப்பூருக்கு மேற்கே, சோமனூரை அடுத்த விசைத்தறிப் பகுதியான சாமளாபுரத்தில் நொய்யல் நீரால் நிரம்பும் பெரிய குளம் உள்ளது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலின் குளத்தொடரில் அதுவும் ஒன்று. நகரக் கழிவுநீரும் சாயக்கழிவும் இந்த ஆற்றை அழித்த வரலாறு நெடியது. சுத்திகரிப்பை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. பொதுநீர் நஞ்சாகும்போது, வசதியுள்ளோர் கட்டணக் குளங்களுக்குச் செல்வர். ஏனையோருக்கு நீச்சலே இல்லாமற்போகும்.

கொங்குப் பகுதியில் பிள்ளைகள் நீந்தக் கற்ற பள்ளி தோட்டத்துக் கிணறு. கிணறு நிலத்தோடு சேர்ந்தது. நிலம் சாதியோடு சேர்ந்தது. மாடுகட்டி நீரிறைத்த காலத்தில் அக்கிணறுகளின் தோல் சால்களைத் தைத்துத் தந்தவர்கள் அருந்ததியர். அவர்கள் தைத்த சாலில் ஏறிய நீரில் அவர்களின் பிள்ளைகள் குதித்து விளையாட உரிமை இருக்கவில்லை.

இது உயிர் சார்ந்த சிக்கலுமாகும். உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டில் 2021இல் மட்டும் உலகெங்கும் சுமார் 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர்; பத்தில் ஒன்பது இறப்புகள் வருவாய் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நிகழ்ந்தவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பதே அவ்வமைப்பு முன்வைக்கும் முதன்மைத் தீர்வுகளுள் ஒன்று.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, உங்கள் ஊரில் நீச்சல்குளமோ கழகமோ இருப்பின், நிலத்தின் உரிமை, குத்தகை ஒப்பந்தம், பொதுநிதி ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். கழகத்தின் துணைவிதிகள் மாவட்டப் பதிவாளரிடம் இருக்கும்.

இரண்டாவது, பூங்கா, விளையாட்டுத்திடல் போன்ற வசதிகளை அமைப்பது அரசமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணைப்படி நகர உள்ளாட்சிகளின் பணி. பேரூராட்சிகளும் இதில் அடங்கும். பொதுக்குளத்தைக் கழகத்துக்குத் தரும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பரிந்துரைக் கையொப்பமின்றிச் சேர்க்கை, குறைந்த கட்டணத்தில் பொதுமக்களுக்கான நேரம், பெண்களுக்கான நேரம், அரசுப் பள்ளி மாணவருக்குக் கட்டணமில்லாப் பயிற்சி ஆகியவை எழுதப்பட வேண்டும் என மன்றத்தில் மனு அளிக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கான தனிப்பயிற்சிக்கு உறுப்பு 15(4) இடமளிக்கிறது. 2024ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் நிதி கேட்க வழிதருகிறது.

மூன்றாவது, தடுக்கப்பட்டால் நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். புகாரில் 4, 12, 3(1)(இசட்ஏ) ஆகிய பிரிவுகளைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுங்கள்.

மகாடில் நீர் பருகும் உரிமைக்குப் பத்தாண்டு வழக்காட வேண்டியிருந்தது. குடிக்கும் உரிமையோடு நின்றுவிடாமல், அதே நீரில் மகிழ்ந்து விளையாடும் உரிமையையும் நம் பிள்ளைகளுக்குக் கேட்போம். சாமளாபுரத்திலோ வேறெங்கோ நாளை ஒரு நீச்சல் கழகம் தொடங்கப்படுமானால், அதன் முதல் உறுப்பினர் பட்டியலில் சேரிப் பிள்ளைகளின் பெயர்களும் இருக்க வேண்டும்.