யவனர் மதுவும் வலைஞர் சாடியும்

புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த நறுமண மதுவை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாளும் உண்டு மகிழ்க என்பது அவ்வாழ்த்து. தாம்பரத்தில் ஆண்டுதோறும் இப்பாட்டை நடத்தும் நாம் இவ்விடத்தில் சற்றுக் கூடுதலாகவே நிற்பதுண்டு. மாணவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த மது எங்கிருந்து வந்தது? புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அகழ்ந்தபோது ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத் தீவான கோஸின் மதுச்சாடிகளை இனங்கண்டார். இரட்டைக் குழல் போன்ற கைப்பிடி அவற்றின் அடையாளம். ஒலிவ எண்ணெயும் மீனை உப்பிலிட்டு ஊறவைத்த சாறும் சுமந்துவந்த சாடிகளும் உடனிருந்தன.

கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பது மரபு. மதுவைத் திருடிய அடிமை ஒருவன் குறைந்த அளவை நிரப்பச் செய்த தந்திரமே இம்மரபானது என்று மூத்த பிளினி எழுதுகிறார். பாண்டியனின் கிண்ணத்தில் இருந்தது இம்மதுவாயின், அது சிறிதேனும் உப்புக் கரித்திருக்கும்!

வந்ததும் கொஞ்சமே. கி.பி. முதல் நூற்றாண்டின் எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ், முசிறிப் பகுதிக்குச் சென்ற சரக்குகளில் மது 'அதிகமில்லை' என்கிறது. தானியமும் கப்பல்காரர்களுக்குப் போதுமான அளவே சென்றதாம். உள்ளூர் வணிகர் அதை உண்பதில்லையாம்.

அப்படியாயின் இங்குள்ள எளிய மக்கள் எதைக் குடித்தார்கள்? விடை நம் தொண்டை நாட்டுப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையிலேயே இருக்கிறது. காஞ்சியின் இளந்திரையனை நாடிச் செல்லும் பாணனுக்கு வலைஞர் குடியில் விருந்து கிடைக்கும். தீட்டாத அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். முளையிலுள்ள நொதி அரிசி மாவைச் சர்க்கரையாக்க, அது புளித்து மதுவாகிறது. பார்லி முளையைக் கொண்டு பீர் வடிப்பதும் இதே முறையில்தான்.

இப்பகுதியை 'ஒருவகைக் கள்' என்று சொல்லிக் கடந்துவிடுவது நெடுநாள் நம் வழக்கமாக இருந்தது. கடற்கரையூர் ஒன்றிலிருந்து வரும் மாணவர் ஒருவர், "அரசர் குடித்ததற்கு அரை மணி நேரம் சொன்னீர்கள் ஐயா, வலைஞர் குடித்ததை ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்களே" என்றார். நம்மிடம் விடையில்லை.

யவனச் சாடிக்கு உடைந்த கைப்பிடியாவது சான்றாக மிஞ்சியிருக்கிறது. இந்த விருந்து எஞ்சியிருப்பது பாட்டின் சில அடிகளில்தான். ஆசிரியரும் தாண்டிப் போனால் அதுவும் இல்லை. இவ்வாண்டு அவ்வடிகளுக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்கியிருக்கிறோம்.