ஐந்து கட்டையும் ஐம்பது ஹெர்ட்ஸும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூரைக் கடந்து சில நிலையங்கள் கழிந்ததும் திருவாலங்காடு வருகிறது. 1856-ல் இராயபுரத்துக்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையின் ஒரு பகுதி இது. திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தபோது உடன் வந்த ஊர். முதலாம் இராஜேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரை இத்தலத்து இறைவனுக்கு அளித்ததைச் சொல்லும் செப்பேடுகள் 1905-ல் இங்கே கிடைத்தன. வரலாற்று ஆர்வலர்களுக்குத் திருவாலங்காடு என்றதும் அந்த முப்பத்தொரு ஏடுகளே நினைவுக்கு வரும்.

நாம் சொல்லப் போவது செப்பேட்டைப் பற்றியன்று, செவியைப் பற்றி. ஐந்து சபைகளுள் இரத்தின சபையாகிய இத்தலத்தில், தூக்கிய திருவடியின்கீழ் இருந்து பாடும் பேற்றைக் கேட்டுப் பெற்றவர் காரைக்கால் அம்மையார். தேவார மூவருக்கும் முந்தியவர். அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டனுள் முதலாவது நட்டபாடைப் பண்ணில் அமைந்தது, இரண்டாவது இந்தளம். முதற்பதிகத்தின் ஒரு பாட்டில் தமிழிசையின் சுரப்பெயர்களை அடுக்கி, அவற்றோடு குடமுழா, மொந்தை, தக்கை, கரடிகை, வீணை எனப் பன்னிரண்டு கருவிகள் வரை பெயர் சொல்கிறார் அம்மையார். பேய்கள் ஆடும் காட்டின் இரைச்சலுக்கு நடுவே, எது எதனுடைய ஓசை என்று பிரித்துக் கேட்ட செவி அது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்திருப்பவரின் வேலையும் இதுவே.

அந்தப் பதிகத்தைப் பதிவு செய்வதற்காக நண்பர்கள் சிலர் திருவாலங்காட்டில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தோம். பாடியவர், குழந்தைகளுக்குத் திருமுறை சொல்லிக்கொடுக்கும் முதிய அம்மையார் ஒருவர். நட்டபாடையை ஓதுவார்கள் பாடும் வழக்கப்படி கம்பீர நாட்டையில், ஐந்து கட்டை சுருதியில் பாடினார். பதிவு நன்றாகவே முடிந்தது. மாலையில் நண்பர் வீட்டு அறையில், உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்திருந்த மானிட்டர் ஸ்பீக்கர்கள் இரண்டை மேசைமேல் வைத்து, மடிக்கணினியிலிருந்து கம்பி இழுத்து, பதிவை ஓடவிட்டோம். நீண்டு நிற்கும் ஸட்ஜங்களில் எல்லாம் குரல் மெல்ல அலைவதுபோல் கேட்டது. வயது காரணமாக இருக்கலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்தது.

“ஸட்ஜத்துல நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன் தம்பி. ஆடினது நான் இல்ல” என்றார் அவர்.

அவர் சொன்னது சரி என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஓர் இரவு தேவைப்பட்டது. அந்த இரவில் நாங்கள் தேடிப் படித்த வரலாற்றையே இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

தமிழில் ‘ஒலிபெருக்கி’ என்னும் சொல் ஒரு விநோதமான சொல். மேடையில் பேசுபவர் முன்னால் நிற்பதும் ஒலிபெருக்கி. மரக்கிளையில் கட்டிய கூம்புக் குழாயும் ஒலிபெருக்கி. இரண்டுக்கும் நடுவே மின்விசையைக் கூட்டும் பெட்டியும் ஒலிபெருக்கியே. ஆங்கிலத்தில் மைக், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் என்று மூன்று பொருள்களாக நிற்பவை நம் பேச்சில் ஒன்றாகிவிட்டன. இதைச் சொற்குறை என்று கருதுவோர் உண்டு. ஆனால் வரலாற்றைப் புரட்டினால், ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டிக்குள் இருந்ததே தொடக்கம் என்று தெரிகிறது.

இன்று உலகெங்கும் வழங்கும் ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை 1925-ல் ஓர் ஆய்வுரையாக வெளியிட்டவர்கள், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர். காந்தப்புலத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள். சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் பாயும் மின்னோட்டம் மாற மாறக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அசைக்கும். அடுத்த ஆண்டு ஆர்சிஏ நிறுவனம் இதை ‘ரேடியோலா 104’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெட்டிக்குள்ளேயே 1 வாட் ஆம்ப்ளிஃபையர் இருந்தது. சுவரிலிருந்து நேராக மின்சாரம் எடுத்துக்கொண்டது. அதாவது, கடைக்கு வந்த முதல் நவீன ஸ்பீக்கரே தன் மின்சாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் ஸ்பீக்கர்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்நாளில் வலுவான நிலைக்காந்தங்கள் கிடையா. எனவே காந்தப்புலத்தை உண்டாக்கவே இன்னொரு சுருளும் அதற்கு ஓயாத நேர்மின்னோட்டமும் தேவைப்பட்டன. 1930-களில் அல்னிகோ போன்ற கலப்புலோகக் காந்தங்கள் வந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலானதும், ஸ்பீக்கருக்குத் தனி மின்சாரம் வேண்டாமற் போயிற்று. ஆம்ப்ளிஃபையர் ஓரிடம், ஸ்பீக்கர் ஓரிடம், நடுவே இரண்டு இழைக் கம்பி என்னும் ஏற்பாடு நிலைத்தது.

நம் மண்ணில் ஒலிபெருக்கியின் கதை இதே காலத்தில் தொடங்குகிறது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924-ல் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் 1927-ல் நின்றுபோக, அதன் கருவிகளைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்களும் கேட்கும்படி மெரினாக் கடற்கரையில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. 1931-ல் ‘காளிதாஸ்’ வந்து திரையும் பேசத் தொடங்கிற்று. 1932-ல் பைக்காராவிலும் 1937-ல் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்க, நகரங்களுக்கு அப்பாலும் கம்பிகள் நீண்டன. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. கம்பி எட்டாத ஊர்களுக்கு டூரிங் டாக்கீஸ் தன் எஞ்சினோடு போயிற்று. திருவிழாவுக்கு வந்த ‘மைக் செட்’ பேட்டரியோடு வந்தது. ஒலி எங்கே போனாலும் மின்சாரத்தைச் சுமந்துகொண்டே போக வேண்டியிருந்தது.

இவை எல்லாம் பெருக்கிச் சொல்லும் கருவிகள். தூரத்தில் இருப்பவருக்கு எட்ட வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். ஒலிப்பதிவுக் கூடத்து மானிட்டரின் நோக்கம் வேறு. அது ஓர் ஆளுக்காகப் பேசுவது. பதிவில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது அதன் கடமை. வீட்டு ஸ்பீக்கர் தாழ்ந்த சுரங்களைச் சற்றுக் கொழுக்கவைத்து இனிமையாக்கும். மானிட்டர் அப்படிச் செய்தால் பதிவாளர் இல்லாத கொழுப்பைக் குறைக்கப் போய், இருக்கும் குரலை வெட்டிவிடுவார்.

இந்த நேர்மைக்காகத்தான் ஆம்ப்ளிஃபையர் மீண்டும் பெட்டிக்குள் புகுந்தது. பின்லாந்து வானொலிக்கான மானிட்டர்களைச் செய்யும் முயற்சியிலிருந்து 1978-ல் ஈசால்மி என்னும் சிற்றூரில் ஜெனிலெக் நிறுவனம் உருவாயிற்று. அதன் முதல் படைப்பான எஸ்30-ல் ஒவ்வொரு கூம்புக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர். பழைய முறையில் பெருக்கிய மின்னோட்டத்தைக் கூம்புகளுக்கு இடையே பங்கிடுவார்கள். புதிய முறையில் முதலில் மேல்சுரம் கீழ்சுரம் என்று பிரித்துவிட்டு, அதன்பின் ஒவ்வொன்றையும் அதனதன் ஆம்ப்ளிஃபையர் பெருக்கும். எந்தக் கூம்புக்கு எவ்வளவு விசை தாங்கும் என்பதைச் செய்தவரே கணித்து வைத்துவிடலாம். விசையில்லாத ஸ்பீக்கர்கள் உடனே மறைந்துவிடவில்லை. அதே 1978-ல் வந்த யமஹாவின் வெள்ளைக் கூம்பு என்எஸ்-10 பல்லாண்டுகள் கூடங்களில் கோலோச்சியது. ஆயினும் காற்று திரும்பிவிட்டது. ஒலிப்பதிவு வீட்டுக்குள் வந்தபோது, பெட்டியும் விசையும் ஒன்றான மானிட்டரே இடம் அடைக்காமல் மேசையில் அமர்ந்தது. ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல் தம் வீட்டோடு சேர்ந்து அமைத்த பஞ்சதன் கூடத்திலிருந்து 1992-ல் ‘ரோஜா’ வெளிவந்தபின், வீட்டில் கூடம் என்பது தமிழ்நாட்டில் எண்ணிப் பார்க்கக்கூடிய செயலாகிவிட்டது.

இனி நாங்கள் செய்த பிழைக்கு வருவோம். பழைய ஏற்பாட்டில் சுவரில் சொருகுவது ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத்தான். புதிய ஏற்பாட்டிலோ இரண்டு மானிட்டருக்கு இரண்டு பிளக், மடிக்கணினிக்கு ஒன்று. நாங்கள் ஒன்றை ஜன்னலோரத்திலும் மற்றொன்றைக் கூடத்திலும் மூன்றாவதை வேறோர் இடத்திலும் சொருகியிருந்தோம். ஒவ்வொன்றின் எர்த் கம்பியும் வெவ்வேறு வழியாக மண்ணுக்குப் போகிறது. அவ்வழிகளுக்கிடையே உள்ள மிகச் சிறு மின்னழுத்த வேறுபாடு, ஒலியைக் கொண்டுசெல்லும் கம்பியின் உறை வழியாக ஒரு வளையமாக ஓடும். சாதாரணக் கம்பியில் அந்த உறையே ஒலிக்கும் திரும்பு வழி என்பதால், ஓட்டம் இரைச்சலாகி ஸ்பீக்கரில் கேட்கும்.

அந்த இரைச்சலின் சுருதி என்ன? நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிக்கிறது. அதன் மடங்குகளான 100, 150, 200 ஆகியவையும் உடன் ஒலிக்கும். பெண்குரலின் ஐந்து கட்டை ஸட்ஜம் நொடிக்கு 196 அதிர்வு. 200-க்கும் 196-க்கும் வித்தியாசம் நான்கு. அடுத்தடுத்த இரு சுரங்கள் ஒன்றாக ஒலித்தால், அவற்றின் வித்தியாசம் எத்தனையோ அத்தனை முறை நொடிக்கு ஓசை ஏறி இறங்கும் என்பது வீணைக்குச் சுருதி சேர்ப்பவர் அனைவரும் அறிந்தது. நொடிக்கு நான்கு முறை! அதுவே நாங்கள் குரலின் நடுக்கம் என்று கருதியது. ஹெட்ஃபோனில் கேட்டபோது குரல் கல்தூண்போல் நின்றது. பதிவில் குறையில்லை, கேட்ட முறையில்தான் குறை.

மின்பணி அறிந்த ஒருவர் மூன்றாவது பின்னைக் கழற்றிவிடச் சொன்னார். அப்படிச் செய்தால் இரைச்சல் நிற்கும் என்பது உண்மையே. ஆனால் பெட்டிக்குள் கசிவு ஏற்படும் நாளில், தொடுபவரைக் காக்க எதுவும் இராது. எர்த்தை ஒருபோதும் அறுக்கலாகாது. செய்ய வேண்டியவை இரண்டு. எல்லாப் பிளக்குகளையும் ஒரே சுவர்த்துளையிலிருந்து வரும் ஒரே பலகையில் சொருகுவது. ‘பேலன்ஸ்டு’ எனப்படும் மூவிழைக் கம்பியைப் பயன்படுத்துவது. இக்கம்பியில் ஒலி இரண்டு இழைகளில் எதிரெதிராகச் செல்லும். வழியில் ஒட்டும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றாகவே ஏறும். மானிட்டர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கையில் இரைச்சல் அழிந்து ஒலி மட்டும் எஞ்சும்.

அமெரிக்காவிலிருந்து வரும் கருவிகளின் பின்புறம் 115 என்றும் 230 என்றும் ஒரு சிறு மாற்றி இருக்கலாம். சொருகுமுன் அது 230-ல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றியும் இல்லாமல், இரு அழுத்தத்துக்கும் பொருந்தும் என்ற குறிப்பும் இல்லாமல் இருந்தால் நம் மின்சாரத்தில் சொருகவே கூடாது. இயக்கும்போது மானிட்டரைக் கடைசியாக இயக்கி, அணைக்கும்போது முதலில் அணைக்க வேண்டும்; இல்லையேல் மற்றக் கருவிகள் எழும்போது உண்டாகும் அதிர்ச்சி ‘டப்’ என்று கூம்பைத் தாக்கும். மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் திரும்பும்போதும் இதுவே நேரும் என்பதால், வெட்டு வந்ததுமே மானிட்டரின் பொத்தானை அணைத்துவிடுவது நல்லது.

வைக்கும் இடத்திலும் தவறியிருந்தோம். ஒரு மானிட்டர் அறையின் மூலையில் இருந்தது. சுவர் கீழ்சுரங்களைத் திருப்பியனுப்பி மிகைப்படுத்தும். மூலை இருமடங்காகச் செய்யும். அந்த மிகையைப் பாடகரின் நெஞ்சுக்குரலில் உள்ளதென்று கருதி அவர் குரலின் கனத்தைப் பாதியளவு குறைத்துவிட்டிருந்தோம். மறுநாள் காலை மேசையைச் சுவரிலிருந்து விலக்கி, இரண்டு மானிட்டரும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணமாக அமையும்படி நான்கடி இடைவெளியில் வைத்து, மேல்சுரக் கூம்பு காதுமட்டத்தில் இருக்கச் செங்கல் அடுக்கி உயர்த்தினோம். குறைத்ததையெல்லாம் நீக்கி, மூலப்பதிவை அப்படியே ஓடவிட்டோம்.

பாடிய அம்மாவை முக்கோணத்தின் உச்சியில் நாற்காலி போட்டு அமரச் செய்தோம். தாம் மூச்சு வாங்கிய இடங்களையும், தொலைவில் ரயில் ஒன்று போனதையும் அவர் எங்களுக்கு முன்பே கண்டுபிடித்தார். முதல் நாள் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் பாட்டில் ஓரிடத்தைக் காட்டி, அங்கே தாம் உண்மையாகவே சுருதி விலகியிருப்பதாகவும், அந்தப் பாட்டை மட்டும் மறுபடி பாடித் தருவதாகவும் கூறினார். எங்கள் ஒருவர் காதுக்கும் அது எட்டியிருக்கவில்லை. மைக்கை மீண்டும் எடுத்து வைத்தோம்.